60 வீட்டு ஊர், ஒரே பாதை: புயல் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எதில் முதலில் கை வைப்பது?

மேட்டுத்தெரு:

விவரம் இதுதான். 60 வீடு, சுமார் 230 பேர். வெளியே போக ஒரே இணைப்புச் சாலை, நடுவில் ஒரு குழாய்ப்பாலம். அது மூழ்கினால் ஊர் தீவாகிவிடும். மேற்கே ஓர் ஏரி, மண் கரை. பாதி வீடுகள் தகரக் கூரை, சில மண் சுவர் வீடுகள், மிச்சம் ஓடும் தளமும். குடிநீருக்கு இரண்டு திறந்த கிணறு, ஒரு போர்வெல். நம்பித் தங்கக்கூடிய கட்டடம் என்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்தான்.

கையில் இருப்பது 15 இளைஞர்கள், டிரெய்லரோடு ஒரு டிராக்டர். பெரிய பணம் கிடையாது. மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம். 500 மண் மூட்டை தயார் செய்து வைக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. "எச்சரிக்கையாக இருங்கள்" மாதிரிப் பதில் வேண்டாம். அளவு, எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

---

நாழிகை:

மூட்டை அப்புறம். முதலில் ஒரு நேரக் கணக்கு போடுங்கள்.

230 பேரில் தானாக நடந்து பள்ளிக்குப் போக முடியாதவர்கள் எத்தனை? படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், கண் தெரியாதவர். 35 பேர் என்று வையுங்கள். டிரெய்லரில் உட்கார வைத்தால் 12 பேர், ஆக மூன்று நடை. வெயிலில் ஏற்றி இறக்கித் திரும்ப 40 நிமிடம் என்றால் மழையில் 80 நிமிடம் ஆகும். மூன்று நடைக்கு நான்கு மணி நேரம். வீடு வீடாகச் சொல்ல ஒரு மணி, சாமான் மூட்டை கட்ட ஒரு மணி. மொத்தம் ஆறு மணி நேரம். பாலம் இரவு எட்டு மணிக்கு மூழ்கும் என்று தோன்றினால் மதியம் இரண்டுக்கே வீடு வீடாகச் சொல்லத் தொடங்கி, நாலுக்கு முதல் நடை கிளம்பியிருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்கள் தவறுவது இங்கேதான்: தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புகிறார்கள்.

அதனால் பாலத்தருகே ஒரு இரும்புக் குழாயை நட்டு, 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்டில் போடுங்கள். பாலத்தின் மேல்தளம் எந்தக் கோட்டில் வருகிறது என்று குறியுங்கள். அதற்கு 60 செ.மீ. கீழே மஞ்சள், 30 செ.மீ. கீழே சிவப்பு என்று தொடங்கலாம். முதல் மழையில் அரை மணிக்கு ஒரு முறை அளந்து எழுதினால் தண்ணீர் என்ன வேகத்தில் ஏறுகிறது என்று தெரியும். மஞ்சளிலிருந்து மேல்தளத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது என்றால் மஞ்சளை இன்னும் கீழே இறக்குங்கள். பாலத்தின் மேல் ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ.க்கு ஏறக்குறைய எந்த வண்டியும் தாங்காது. டிராக்டர் கனமானது, போய்விடும் என்று வாதாடுவார்கள். டிராக்டர் நிற்கலாம், ஆள் ஏறிய டிரெய்லர் பக்கவாட்டில் இழுபடும்.

அடுத்தது பட்டியல். வீட்டுக்கு ஒரு வரி: எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், இன்சுலின் போடுபவர் யார், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யார், டயாலிசிஸ் போகிறவர் எந்தக் கிழமை போகிறார். கடைசி இரண்டு வகையினரைப் புயலுக்கு முந்தைய நாளே மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், பள்ளிக்கு அல்ல. பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில் மூன்று பிரதி, மூன்று வெவ்வேறு வீட்டில். எட்டு வீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் போதாது, அவரே வெளியூர் போயிருப்பார். இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, பகலில் வீட்டில் இருப்பவர்களிடம் செய்தி சீக்கிரம் போகும்.

செல்போனை நம்பித் திட்டம் போடாதீர்கள். டவர் பேட்டரி கரன்ட் போய்ச் சில மணி நேரம்தான் தாங்கும். பேட்டரி ரேடியோ ஒன்று, மெகாஃபோன் இரண்டு, விசில் பதினைந்து. ஒரு நீள ஊதல் என்றால் தயாராகு, விடாமல் மூன்று மூன்றாக ஊதினால் கிளம்பு. இவ்வளவு போதும், ஐந்தாறு சங்கேதம் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது. 1970 போலா புயலில் வங்கக் கரையோரத்தில் லட்சக்கணக்கானவர்கள் இறந்ததற்கு எச்சரிக்கை கடைசி வீடுவரை போய்ச் சேராததும் ஒரு காரணம். அதன் பிறகு 1972இல் அங்கே தொடங்கிய தொண்டர் அமைப்பு இன்றும் மெகாஃபோன், கொடி, சைக்கிள் என்றுதான் ஓடுகிறது.

பள்ளியில் 230 பேருக்கு முதல் சில நாளைக்கு 50 பேருக்கு ஒன்று வீதம் குறைந்தது ஐந்து கழிப்பறை வேண்டும். பெண்களுக்கு அதிகம், உள்தாழ்ப்பாள், இரவு விளக்கு. இது இல்லையென்றால் பெண்கள் இருட்டில் வெளியே போவார்கள் அல்லது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், மூன்று நாள் என்றால் 2,070 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு, மிச்சம் 70 லிட்டருக்குக் குடங்கள், கரன்ட் இருக்கும்போதே நிரப்பி மூடி வையுங்கள். சமையல், கழுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் வேண்டும், அதற்கு வேறு தொட்டி.

---

ரீப்பர்கட்டை:

தகரக் கூரை பற்றி. கூரை மேல் கல், மணல் மூட்டை ஏற்றும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மணிக்கு 150 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 108 கிலோ அழுத்தம் தரும். மூன்றுக்கு ஒரு மீட்டர் ஷீட் என்றால் 320 கிலோ. ஷீட்டின் எடை 15 கிலோகூட இருக்காது. விளிம்பிலும் மூலையிலும் காற்று மேல்நோக்கி உறிஞ்சும், அங்கே விசை இன்னும் ஒன்றரை, இரண்டு மடங்கு. 20 கிலோ மூட்டை அங்கே என்ன செய்யும்? ஷீட்டோடு பறந்து பக்கத்து வீட்டில் விழும்.

கூரையை ஒரு சங்கிலியாகப் பாருங்கள். ஷீட், ரீப்பர் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கைமரம் (ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரம்), சுவர், அஸ்திவாரம். எங்கே கண்ணி பலவீனமோ அங்கே அறும். ஷீட்டை மட்டும் இறுக்கினால் ரீப்பரோடு சேர்ந்து போகும்.

ஷீட்டில் ஆணி இருந்தால் மாற்றுங்கள். ரப்பர் வாஷர் போட்ட திருகு அல்லது ஜே ஹூக், மடிப்பின் மேட்டில். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். நடுப்பகுதியில் இரண்டு மூன்று மேட்டுக்கு ஒன்று இருக்கலாம். ஆனால் இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு), முகடு, பக்க விளிம்பு ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு மேட்டிலும் வேண்டும். மொத்தத் திருகில் பாதி அந்த விளிம்புக்குப் போனால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். வாஷர் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள், ஒரு வெயில் காலத்தில் வெடித்துவிடும்.

ரீப்பர் கைமரத்தைத் தொடும் இடத்தில் துத்தநாகம் பூசிய தகடு, 25 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் ஆணி. கைமரத்தைச் சுவரோடு கட்டுவதில்தான் ஏமாற்று நடக்கும். கம்பியை மேல் வரிசைச் செங்கல்லைச் சுற்றிக் கட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். அந்த ஒரு வரிசைக்கு என்ன எடை இருக்கிறது? சுவரில் 90 செ.மீ. கீழே துளை போட்டு, 4 மி.மீ. கம்பியை இரட்டையாக உள்ளும் புறமும் இறக்கிக் கட்டினால் அவ்வளவு சுவரின் எடையும் கூரையைப் பிடிக்கும்.

இறவாணம் சுவரைத் தாண்டி 45 செ.மீ.க்கு மேல் நீட்டியிருந்தால் வெட்டிக் குறைக்கலாம். திண்ணைக் கூரை தனியாக, வீட்டுக் கூரை தனியாக இருக்கட்டும். திண்ணை போனாலும் வீடு மிஞ்சும்.

ஜன்னல், கதவு உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும், மேலிருந்து உறிஞ்சுவது தனி. இரண்டும் சேரும்போதுதான் முழுக் கூரையும் ஒரே தூக்காகப் போகிறது. கதவுக்குக் குறுக்குக் கட்டை, மேலும் கீழும் தாழ்ப்பாள்.

புயலின் கண் மேலே வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். சில நிமிடமோ, அரை மணிக்கு மேலோ. ஷீட்டைச் சரிபார்க்க ஏறாதீர்கள். திரும்ப அடிக்கும் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும், அசைந்து தளர்ந்திருக்கும் மரமும் கூரையும் அப்போதுதான் விழும்.

சின்ன விஷயம் ஒன்று: மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பிவிடுங்கள். காலி 500 லிட்டர் தொட்டி பந்து மாதிரி உருளும், நிறைந்தால் அரை டன்.

---

கலிங்கு:

500 மூட்டைக்கு வருகிறேன். 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடி உயர வரப்பு கட்டவே ஏறக்குறைய 800 மூட்டை வேண்டும். இரண்டு அடிக்கு 2,000. அடிப்பாகம் உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் வேண்டும், அதனால்தான் எண்ணிக்கை இப்படி ஏறுகிறது. உங்கள் 500 மூட்டை 20 மீட்டருக்கும் குறைவான நீளத்தைத்தான் காக்கும். ஊரைச் சுற்றிக் கட்டும் கனவை விட்டுவிட்டு, போர் மோட்டார் அறை வாசல், கிணற்றுச் சுற்று, ஏரிக்கரை அவசரம், இந்த மூன்றுக்கு ஒதுக்குங்கள்.

மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்பினால் போதும். முழுதாக நிரப்பி இறுக்கிக் கட்டினால் உருண்டையாகி இடைவெளி விடும். வாயை மடித்து அடியில் திணித்து, செங்கல் அடுக்குவதுபோல் மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துப் படிய வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கு சில மாத வெயிலிலேயே உளுத்துவிடும். இப்போதே நிரப்பி வெளியே அடுக்காதீர்கள். காலிச் சாக்கை நிழலில் வையுங்கள், மணலைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

இனி ஏரிக்கரை. உங்கள் ஊருக்குப் பெரிய ஆபத்து காற்றைவிட இதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரிக் குழாய்) எடுத்துக் கரை உச்சியை 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கரையில் மாடு ஏறி இறங்கும் வழி, வண்டித் தடம் எல்லாம் 20, 30 செ.மீ. பள்ளமாக இருக்கும். தண்ணீர் வழிவது அங்கேதான். மண் கரை மேல் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலே ஏறும், பிறகு மூட்டை போட்டு நிறுத்த முடியாது. அந்தப் பள்ளங்களை இப்போதே, ஈரமண் 15 செ.மீ. அடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்து நிரப்புங்கள்.

ஏரியின் மிகுநீர் வழியும் கலிங்கில் பலகை, கல், மூட்டை வைத்து நீர்மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்களா பாருங்கள். கூடுதல் தண்ணீருக்காக விவசாயிகள் வைப்பது புரிகிறது. ஆனால் கலிங்கின் உயரத்துக்கும் கரை உச்சிக்கும் உள்ள வித்தியாசம்தான் கரையின் ஆயுள். அரையடி உயர்த்தினால் அரையடி ஆயுள் போச்சு. மழைக்கு முன் எடுத்தே ஆக வேண்டும், இதை ஊர்க்கூட்டத்தில் பேசி முடியுங்கள், மழை இரவில் சண்டை போட முடியாது.

கரை மேல் வளர்ந்த பெரிய மரத்தை இப்போது வெட்ட வேண்டாம், வேர் செத்து மக்கினால் அதுவே குழாய்போல் வழி விடும். புதரை மட்டும் வெட்டுங்கள், கசிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீர் உச்சிக்கு ஒரு மீட்டர் கீழே வந்ததும் இருவர் இருவராக மணிக்கு ஒரு முறை ரோந்து. கரை மேல் நடந்து பயனில்லை. வெளிப்பக்க அடிவாரத்தில் டார்ச் அடித்து நடக்க வேண்டும். தெளிந்த நீர் மெல்லக் கசிந்தால் குறித்து வைத்துக் கவனியுங்கள். கலங்கல் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். தரையில் சின்னக் கிணறு மாதிரி மணல் கொப்பளித்து வாயைச் சுற்றி எரிமலைக் கூம்பு போல் குவிந்தால் அது ஊற்று.

அந்த ஊற்றை அடைக்காதீர்கள். களிமண்ணைப் போட்டு மிதித்தால் அழுத்தம் பக்கத்தில் வேறு வழி தேடும். ஊற்றைச் சுற்றி மூட்டையால் வளையம் கட்டி உள்ளே நீர்மட்டத்தை உயர்த்துங்கள். உள்ளே நீர் ஏற ஏற எதிரழுத்தம் வந்து ஓட்டம் குறையும். வழியும் நீர் தெளிவானதும் வளையத்தை உயர்த்துவதை நிறுத்தி, ஒரு பக்கம் வாய் வைத்து வழிய விடுங்கள். மூட்டை போதாவிட்டால் ஊற்றின் மேல் பருமணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெருங்கல், ஒவ்வொன்றும் 15 செ.மீ. தண்ணீர் போகும், மண் போகாது. இரண்டு டிரெய்லர் ஜல்லியும் மணலும் கரையடியில் இப்போதே கொட்டி வையுங்கள், மழையில் கரைமேல் டிராக்டர் ஏறாது.

---

தொழுவம்:

மாடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆடு மாட்டை விட்டுவிட்டு வர மறுத்து வீட்டிலேயே தங்குகிறவர்கள் பலர். ஆகவே மாட்டுக்கு இடம் தயார் செய்யாமல் மனிதரை நகர்த்த முடியாது. முந்தைய நாள் பகலிலேயே மேட்டுக்கு ஓட்டுங்கள். நகர்த்த முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து, தொழுவக் கதவைத் திறந்துவிடுங்கள், கட்டிய மாடுதான் மூழ்கும். பெரிய மாட்டுக்கு நாளுக்கு 40 முதல் 50 லிட்டர் தண்ணீர், 6 முதல் 8 கிலோ உலர் தீவனம். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடாதீர்கள்.

செத்த கால்நடையைக் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, நிலத்தடி நீர் எட்டாத மேட்டில், மேலே ஒன்றரை மீட்டர் மண் மூடும்படி புதையுங்கள். சுண்ணாம்பு கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்பது தவறு, அது மக்குவதைத் தாமதப்படுத்தும். திடீரென்று செத்து மூக்கு, ஆசனவாயில் கறுத்த ரத்தம் வடிந்திருந்தால் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் வரும்வரை தொடாதீர்கள்.

---

ஊர்க்குருவி:

கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் போதும், எளிது.

---

தெளிநீர்:

@ஊர்க்குருவி அண்ணே, அந்த 2.5 கிராம் தெளிந்த கிணற்றுக்கான அன்றாட அளவு. லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 மில்லிகிராம் குளோரின்தான் கிடைக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றில் இருக்கும் சேறும் சாணமும் அதை உடனே தின்றுவிடும். மூக்கில் குளோரின் வாடை வரும், நீரில் மிச்சம் இருக்காது.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு வரிசை வேறு. முதலில் மிதப்பதை அள்ளுங்கள், பிறகு தண்ணீரையும் சேற்றையும் வெளியேற்றுங்கள். இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, சுற்று மண் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் வெளி அழுத்தத்தில் உறை சரியும். சில மணி நேரம் இறைத்து, விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். கடலோரக் கிணறு என்றால் இன்னும் நிதானம், அதிகம் இறைத்தால் உப்பு ஏறும். இரண்டு, ஆள் இறங்குவது. அடியில் பிராண வாயு இல்லாமல் இருக்கலாம். மெழுகுவர்த்தி இறக்கி அணைந்தால் இறங்காதீர்கள். அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு, மேலே இருவர். பெட்ரோல், டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

சுத்தம் செய்து நீர் ஊறியதும் கணக்கு: விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 785. மீட்டரில் போட்டால் லிட்டரில் வரும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர். 100 லிட்டருக்கு 0.2 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் இந்தக் கிணற்றுக்குச் சுமார் 750 கிராம்.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். மூன்று பிளாஸ்டிக் வாளியில் 250 கிராம் வீதம் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வெளியே போகட்டும். உறைச் சுவரையும் 0.2 சதவீதக் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள், அதாவது லிட்டருக்கு 8 கிராம் பவுடர். குறைந்தது அரை மணி, முடிந்தால் இரவு முழுக்க விட்டு, மறுநாள் இறைத்துக் கொட்டுங்கள். மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு வந்த பிறகே குடிக்கலாம். வாடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம், குளோரோஸ்கோப் (நீரில் மிச்சக் குளோரினைக் காட்டும் சோதனைக் கருவி) வாங்கி வையுங்கள். உங்கள் 2.5 கிராம் அதற்குப் பிறகு தினமும் போடும் அளவு.

போர்வெல்லுக்கு: 150 மி.மீ. குழாயில் 60 மீட்டர் நீர் நின்றால் சுமார் 1,060 லிட்டர், 85 கிராம் பவுடர். கரைசலை ஊற்றிக் குழாயில் குளோரின் வாடை வரும்வரை ஓட்டி நிறுத்தி, இரவு விட்டுக் காலையில் வெளியேற்றுங்கள்.

இத்தனையும் முடியும்வரை குடிநீரைக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 20 நிமிடம் எரித்து விறகைத் தீர்க்க வேண்டாம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கரைசல் பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்த நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கையளவில் போடாதீர்கள்.

---

மேட்டுத்தெரு:

எல்லோருக்கும் நன்றி. மூட்டைத் திட்டத்தை மாற்றிவிட்டோம். ட்யூப் லெவலில் கரையைப் பார்த்ததில் இரண்டு இடத்தில் 25 செ.மீ. பள்ளம். கலிங்கில் பலகையும் இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம்: மூழ்கிய மோட்டாரை என்ன செய்வது? தண்ணீர் வடிந்தபின் மண் சுவர் வீடுகளுக்கு எப்போது திரும்பலாம்?

---

ஸ்டார்ட்டர்பாக்ஸ்:

மூழ்கும் முன்பே கழற்றுவதுதான் லாபம். கிணற்று மோட்டாருக்கு நான்கு போல்ட். மெயினை இறக்கிவிட்டு, மூன்று வயரிலும் மூன்று நிற டேப் சுற்றி, அதே நிறம் டெர்மினலிலும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது இரண்டு பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஓடும், சத்தமும் சரியாக இருக்கும், தண்ணீர் மட்டும் குறைவாக வரும். அதை வைத்துப் பம்ப் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுவார்கள்.

மூழ்கிவிட்டால் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" வேண்டாம், அந்த ஒரு தடவையில்தான் காயில் எரிகிறது. பிரித்து நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, வெயிலில் வைத்து, பிறகு ஒரு பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு இரண்டு எரியவிட்டு இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் இருக்கவே செய்தது, அதைத் தூக்க வேண்டாம். கெட்டுப்போவது மேலே உள்ள பேனலும் கேபிள் மூட்டும். மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபியை (கோளாறு வந்தால் கரன்டைத் தானாக வெட்டும் ஸ்விட்சுகள்) உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது. கரன்ட் காட்டும், வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாது.

சோலார் பேனல் வெள்ளத்தில் கிடந்தாலும் பகலில் மின்சாரம் தரும். தொடும் முன் கனத்த துணி போட்டு மூடுங்கள். ஜெனரேட்டர் வீட்டு ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, திண்ணையில்கூட வேண்டாம். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளிக் கம்பியைப் பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) இல்லாமல் பிளக்கில் சொருகினால் வெளிக் கம்பியில் மின்சாரம் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும்.

---

சாரம்:

மண் சுவர், வெள்ளத்தின்போது மட்டும் அல்ல, வடிந்து ஒன்றிரண்டு நாளில் வெயில் வந்ததும் விழும். வெளிப்புறம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஊறிய அடிப்பாகம் களியாக இருக்கும், மேல் எடை அதை நசுக்கும். அதனால் "தண்ணீர்தான் வடிந்துவிட்டதே" என்று அன்றே உள்ளே படுக்க விடாதீர்கள்.

வெளியே நின்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சுவர் சாய்ந்திருந்தால், அடியில் பிதுங்கியிருந்தால், மூலையில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடினால் உள்ளே போக வேண்டாம். மற்ற வீட்டில் முதலில் கைமரத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள், முட்டின் அடியில் பலகை போடாவிட்டால் ஈர மண்ணில் புதைந்துவிடும். கூரை எடை முட்டுக்கு வந்த பிறகு கெட்ட அடிப்பாகத்தை ஒரு மீட்டருக்கும் குறைந்த துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டியெடுத்துக் கட்டுங்கள். சிமென்ட் பூச்சு கூடவே கூடாது, ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். தரையில் படிந்த சேற்றைக் காய்வதற்கு முன்பே தள்ளுங்கள், காய்ந்தால் கடப்பாரை வேண்டும்.

சுத்தம் செய்யும் முன் படம். நான்கு பக்கமும் வெளியே, ஒவ்வோர் அறையும் உள்ளே, சுவரில் நீர் நின்ற கோட்டுக்கு அருகே டேப் பிடித்து ஒன்று. மழைக்கு முன் அதே கோணத்தில் எடுத்த படமும் இருந்தால் நிவாரணக் கணக்கெடுப்பில் வாக்குவாதம் குறையும்.

சாய்ந்த மரம் பற்றியும் ஒரு வார்த்தை, பதினைந்து இளைஞர் என்றீர்களே. செயின் சா கையில் கிடைத்தால் நேராக நடுவில் வெட்டுவார்கள். இரு முனையும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் தண்டில் மேற்புறம் அமுங்கியும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டி, பிறகு கீழிருந்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மற்றது அந்தரத்தில் என்றால் தலைகீழ், முதலில் கீழே, பிறகு மேலே. வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை வெட்டியதும் வேர்த்தட்டு துள்ளிப் பழைய குழிக்குள் நிமிரும். அந்தக் குழிக்குள் யாரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நிற்கக் கூடாது. கம்பி மேல் விழுந்த மரத்தைத் தொடவே வேண்டாம். 10 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டிக் காவல் வையுங்கள்.

---

மேட்டுத்தெரு:

பிளீச்சிங் பவுடர் 10 கிலோ இப்போதே வாங்கினால் வீணாகுமா?

---

தெளிநீர்:

திறந்த சாக்கில் ஈரக்காற்று பட்டால் வீணாகும். ஒரு கிலோ பொட்டலங்களாகக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத, உலர்ந்த, மனிதர் படுக்காத அறையில் வையுங்கள். இரும்பு டப்பா அரித்துப்போகும். மண்ணெண்ணெய், பெயின்ட், உரம் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். டப்பா மேல் வாங்கிய தேதியை எழுதுங்கள். பழையது என்றால் அளவை அப்படியே நம்பாமல், போட்டு அரை மணி கழித்து குளோரோஸ்கோப்பில் பாருங்கள். மிச்சம் காட்டாவிட்டால் அதே அளவில் பாதியை மறுபடி சேர்த்து, அரை மணி கழித்து மீண்டும் பாருங்கள்.